எனக்கு முன்னால் ஏணி ஏறியவன்

பேய், ஏவல், செய்வினை என்று யாராவது என் முன்னால் பேச்செடுத்தால், எழுந்து போய்யா என்று சொல்கிற ஆள் நான். ஜின் உண்டு என்று எங்கள் மார்க்கத்தில் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஜின்னுக்கு உலகத்தில் வேறு இடமே கிடைக்காமல் தாராவிக்கு வந்து, சாக்கடையைத் தாண்டி, சந்துக்குள் திரும்பி, இன்னார் வீட்டுத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வது? எங்கள் சந்தில் தாயத்து கட்டாத கை ஒன்றிரண்டு இருந்தால் அதில் ஒன்று என்னுடையது. அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன், நம்புகிறவர்கள் நம்புங்கள், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பயந்தாங்கொள்ளி ஏதோ உளறுகிறான் என்று நினைத்துவிடுவீர்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்காத வயதில் இங்கே வந்தவன். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி, அதற்குமேல் வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. தோல் பட்டறையில் நாற்றத்தில் படுத்துக் கிடந்து, பிறகு வெல்டிங் கற்று, சொந்தமாகக் கிரில் பட்டறை போட்டு, இன்றைக்கு மாட்டுங்காவிலும் செம்பூரிலும் காதர் பாய் செய்த கிரில் இல்லாத தெரு குறைவு. நான் செய்த கிரில்லுக்குள் ஒருத்தன் வெளியே இருந்தும் வர முடியாது, உள்ளே இருந்தும் போக முடியாது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரே சொல்லும்.

எங்கள் வீடு, தாராவியில் முக்கால்வாசி வீடு இருக்கிற மாதிரிதான், கீழே பட்டறை, மேலே குடும்பம். நடுவில் இரும்பு ஏணி, அறைக்கு உள்ளேயே, தளத்தில் விட்டிருக்கும் சதுர ஓட்டை வழியாக மேலே போகும். ஏற இறங்க அந்த ஒரு வழிதான். சாப்பாட்டு நேரம் ஆனால் என் வீட்டுக்காரி மைமூன் இறங்கி வந்து கூப்பிட மாட்டாள், கரண்டியால் ஏணியின் மேல் கம்பியில் தட்டுவாள், எந்த மிஷின் சத்தத்திலும் அது எனக்குக் கேட்கும்.

என் மகன் ரபீக் தலையெடுத்ததும் பட்டறையைக் கோவண்டிக்கு மாற்றிக்கொண்டான், அங்கே இடம் பெரிது. கீழ் அறை காலியாகக் கிடந்தது, நானும் காலியாகக் கிடந்தேன். கிரில் ஏற்றிப் போக ஒரு டெம்போ வாங்க வேண்டும் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், கோவண்டியில் பழைய இரும்பு வாங்கி விற்கிற சுடலையின் யார்டில் அந்த வண்டியைப் பார்த்தேன். முன்பக்கம் மூக்கு நீட்டிய பழைய மாடல் பிக்கப். மூக்கு நசுங்கி, கேபின் ஒரு பக்கம் சரிந்து, பின்னால் தொட்டி துருப்பிடித்து ஓட்டை ஓட்டையாக. மற்றவர்களுக்கு அது குப்பை, எனக்கு அது எழுந்து நிற்கிற வண்டியாகவே கண்ணுக்குத் தெரிந்தது, அது ஒரு தனி கண், எல்லோருக்கும் வராது.

ரபீக் தலையில் அடித்துக்கொண்டான். "வாப்பா, லோன்ல புதுசா எடுத்துருவோம். இந்த வெட்டி வேல, ஃபால்தூ வேல எதுக்கு?"

"லோன் எடுக்கவால நான் பம்பாய்க்கு வந்தேன்? போல, போய் ஒன் வேலயப் பாரு."

வண்டி எங்கள் சந்துக்குள் முழுசாக வராது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மகன் பட்டறையில் அவன் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு செய்ய எனக்கு மனமில்லை, பிரித்து, கைவண்டியில் துண்டு துண்டாகக் கொண்டுவந்தேன். சட்டகம் தனி, கேபின் தனி, எஞ்சின் தனி. நசுங்கிய தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு அடித்து, கேபினைச் சட்டகத்தின் மேல் ஏற்றி, பின்னால் தொட்டியை நானே என் கையால் வளைத்து வெல்டிங் வைத்து, மூன்று மாதத்தில் வண்டி கீழ் அறையில் எழுந்து நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் ஊர் சிரித்தது. ஒரு பக்கக் கதவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை, டிரைவர் பக்கக் கதவு பாதிதான் திறக்கும், தொட்டி ஷட்டரைவிட அகலம். போதாததற்கு எதிர்வீட்டு இட்லிக்கடைச் செல்லத்துரை இந்த மூன்று மாதத்துக்குள் தன் மாடிக்கு வெளியே இரும்புப் படிக்கட்டு ஒன்று போட்டு, இருந்த சந்தையும் பாதியாக்கிவிட்டான்.

"என்ன பாய், புள்ளய வயித்துக்குள்ளயே பெருசாக்கி வச்சிருக்கீரு, எப்படி வே வெளிய எடுப்பீரு?"

"செவுத்த ஒடைப்பேன்."

"செவுரு ஒம்ம செவுரு, ஒடையும். சந்த என்ன செய்வீரு?"

"ஒம்ம படிக்கட்டப் பிடுங்கிப் போடுவேன்."

"எங்க, கைய வையும் பாப்போம். நான் மேல ஏறி உக்காந்துக்கிட்டு கார்ப்பரேஷனுக்கு போன் போடுவேன்லா."

அவனுக்கும் எனக்கும் இதே பேச்சு தினமும் நடந்தது. விஷயம் அதுவல்ல.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, ஜும்மா நேரம். மழை ஊற்று ஊற்றென்று ஊற்றியது, தகரக் கூரைமேல் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காது. சந்தில் பாதிப்பேர் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள், மிஷின்கள் நின்றுவிட்டன. சாரல் உள்ளே அடிக்காமல் இருக்க ஷட்டரை இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்திருந்தேன். கதவுப் பூட்டு மட்டும் மாட்டிவிட்டுக் குளிக்கலாம் என்று நினைத்தேன், மாட்டினேன், சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்தினேன். டொக் என்று விழுந்தது. என்ன அருமையான சத்தம், கம்பெனி வண்டியில்கூட அப்படி விழாது.

திறக்கப் பார்த்தால் கைப்பிடி சும்மா வந்து போகிறது. பூட்டு அசையவில்லை.

நான் பதறவில்லை. அந்தப் பக்கக் கதவு சுவரோடு ஒட்டி நின்றது, அதில் போக முடியாது. பின்பக்கச் சின்னக் கண்ணாடிக்குக் குறுக்கே, ஏற்றுகிற கம்பி சரிந்து வந்து டிரைவர் தலையில் குத்தக் கூடாது என்று நானே கனமான கிரில் வைத்திருந்தேன். பக்கக் கண்ணாடி இறக்கும் கைப்பிடிக்கு உள்ளே பல்சக்கரம் இன்னும் போடவில்லை, அதுவும் சும்மா சுற்றியது. ஹார்ன் அடிக்கலாமென்று ஸ்டியரிங் நடுவில் குத்தினேன், குத்திய பிறகுதான் பேட்டரி தரையில் கிடப்பது கண்ணில் பட்டது. சரி, எப்படியும் யாராவது வருவார்கள் என்று உட்கார்ந்தேன். உள்ளே பெயின்ட் வாசனை, வெக்கை, கண்ணாடியெல்லாம் என் மூச்சில் பூத்துவிட்டது. துடைத்துத் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வட்டம் துடைத்தால் அது மூடுவதற்குள் இன்னொரு வட்டம் துடைக்க வேண்டும். பனியனைப் பிழிந்தால் தண்ணீர் வரும் போல இருந்தது. இந்தக் கேபினில் ஒவ்வொரு தகடும் நான் அடித்தது, எங்கே எவ்வளவு இடைவெளி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குத் தெரியாத யாரோ எனக்கு அளவெடுத்துச் செய்த பெட்டி மாதிரி இருந்தது.

அப்போதுதான் ஷட்டருக்குக் கீழே ஒரு குடை சாய்ந்தது. செல்லத்துரை குனிந்து உள்ளே பார்த்து, மழைச் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

"என்ன பாய், ஜும்மாவுக்குப் போகலியா?"

இரண்டு கையாலும் முன்கண்ணாடியை அடித்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஏணி இருக்கிற மூலையைப் பார்த்துத்தான் கேட்டான். கேட்டுவிட்டு, யாரோ பதில் சொல்வதுபோலக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான். தலையாட்டினான். பிறகு வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, "நீரா இப்படிப் பேசுறது? அப்ப மழ பெய்யத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுக் குடையை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டான்.

விளையாடுகிறான் என்று நினைத்து வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அந்தத் திட்டு அடங்குவதற்குள் மேலே கரண்டிச் சத்தம், ஏணிக் கம்பியில். மழை அப்போது சட்டென்று விட்டுவிட்டது, ஓட்டை வழியாக மைமூன் குரல் நன்றாகக் கேட்டது.

"சோறு போடவா? வாரியளா?"

"ஏளா, இங்க மாட்டிக்கிட்டேன், எறங்கி வா" என்று என் தொண்டை கிழியக் கத்தினேன். நான் அவளை ஏளா என்றுதான் கூப்பிடுவேன், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான், பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

கேபினுக்கு வெளியே, ஏணி மூலையிலிருந்து, என் குரல் சொன்னது:

"இந்தா வாரேன் மைமூன்."

என் குரல் எனக்குத் தெரியாதா? என் குரல்தான். ஆனால் அவசரமில்லாத குரல், ஒரு நாளும் யாரோடும் சண்டை போடாத குரல்.

கண்ணாடியைத் துடைத்தேன். வண்டியின் மூக்குக்கு அந்தப் பக்கம் ஏணியின் கீழ்ப்பாதிதான் எனக்குத் தெரியும். அதில் இரண்டு குதிகால் ஏறிப் போவதைப் பார்த்தேன். அதற்கு மேலே பச்சைக் கட்டம் போட்ட கைலி, கைலியின் ஓரத்தில் வெல்டிங் பொறி பட்டு எரிந்த ஓட்டை. குனிந்து என் கைலியைப் பார்த்தேன். பச்சைக் கட்டம், ஓரத்தில் அதே ஓட்டை. நிமிர்ந்தபோது கால் இரண்டும் தளத்துக்கு மேலே போய்விட்டன.

அந்த நிமிடம் எனக்கு உயிர் பயம் வரவில்லை, அதைத்தான் நான் யாரிடம் சொன்னாலும் புரிந்துகொள்வதில்லை. மூச்சு முட்டிச் செத்துப்போவேன் என்று தோன்றவில்லை. என் வீட்டுக்கு, என் தட்டுக்கு முன்னால், நான் போய் உட்கார்ந்துவிட்டேன், இனி என்னைத் தேடி யாரும் கீழே வரப்போவதில்லை. அதுதான் தோன்றியது. யார் தேடுவார்கள், ஆள்தான் மேலே இருக்கிறதே!

மேலே பலகை இழுக்கிற சத்தம். தட்டு வைக்கிற சத்தம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். நான் கதவை முழங்கையால் இடித்தேன், காலால் உதைத்தேன், அல்லாஹ்வைக் கூப்பிட்டேன், மைமூனைக் கூப்பிட்டேன், பெயர் சொல்லியே கூப்பிட்டேன். மேலே இருக்கிற சின்னச் சத்தமெல்லாம் எனக்குக் கேட்கிறது, என் கூப்பாடு மட்டும் இந்தத் தகட்டைத் தாண்டவில்லை. பிறகு அவள் சிரித்தாள். மைமூன் சிரிக்காதவள் இல்லை, ஆனால் அது வேறு சிரிப்பு, அவளுக்குப் பத்தொன்பது இருபது வயது இருக்கும்போது நான் கேட்டிருக்கலாம்.

அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு நான் யோசிக்கவில்லை. முன்கண்ணாடியை ரப்பர் பட்டையில் கயிறு வைத்து இழுத்து நானே முந்தின நாள் மாட்டியது, விலையுயர்ந்த கண்ணாடி, அதனால்தான் அதுவரை அதில் கை வைக்க மனம் வரவில்லை. சீட்டில் மல்லாந்து படுத்து இரண்டு காலையும் கண்ணாடியின் மேல் மூலையில் வைத்து உந்தினேன். அசையவில்லை. நான் மாட்டினால் அப்படித்தான், அசையாது. இடுப்பெலும்பு கழன்றுவிடும் போல இன்னொரு தரம் உந்தினேன். ரப்பர் ஒரு மூலையில் உதடு பிரிந்தது. விடாமல் உந்த, கண்ணாடி முழுசாகக் கழன்று மூக்கின் மேல் சறுக்கித் தரையில் விழுந்து நொறுங்கியது. அதன்மேலேயே ஊர்ந்து வெளியே வந்தேன், உள்ளங்கை கிழிந்தது, அது ஏணியில் ஏறும்போது கம்பி வழுக்கிய பிறகுதான் தெரிந்தது. ஏணியில் எதிரே யாரும் இறங்கி வரவில்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே வழி, நான் ஏறுகிறேன், எதிரே ஆள் இல்லை.

மேலே மைமூன் மட்டும் இருந்தாள். அவள் முன்னால் சாப்பிட்டு முடித்த தட்டு. சாளை மீன் முள்ளெல்லாம் தட்டோரத்தில் ஒழுங்காக வரிசையாக எடுத்து வைத்திருந்தது. நான் முள்ளைத் தரையில் போடுகிறவன்.

"என்ன, திரும்பவும் வந்துட்டிய?" என்றாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. பிறகு என் கையைப் பார்த்தாள். "யா அல்லாஹ், கையில என்ன ரத்தம்? சாப்புடும்போது நல்லாத்தான இருந்துச்சு?"

"யாரு சாப்ட்டா?"

"நீங்கதான். இப்பத்தான கை கழுவிட்டு எறங்குனிய?"

"நான் வரலளா. வண்டிக்குள்ள மாட்டிக்கிட்டுக் கெடந்தேன். கத்துனது கேக்கலியா ஒனக்கு?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன பேசுனான் அவன்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசல. கொழம்பு நல்லாருக்குன்னு சொன்னாவ. நீ சாப்ட்டியான்னு கேட்டாவ." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "கேட்டிய" என்று திருத்தினாள். "நீங்க கேட்டிய."

என் கையில் துணி சுற்றிவிட்டாள், எனக்குச் சோறு போட்டாள், நான் சாப்பிடவில்லை.

சாயங்காலம் செல்லத்துரையின் சட்டையைப் பிடித்தேன். அவன் பயந்துபோனான். "என்ன பாய், ஏணிக்குப் பக்கத்துல நின்னுகிட்டு, ஒம்ம படிக்கட்டு இருந்துட்டுப் போகட்டும், நமக்குள்ள என்னன்னு சொன்னீரு. பாய்க்கு மேலுக்குச் சொகமில்ல போலன்னு நான் அப்பவே நெனச்சேன்." கேபினில் யாரையாவது பார்த்தாயா என்று கேட்டேன். கேபின் காலியாக இருந்தது என்றான்.

ரபீக் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாப்பா, உள்ள பெயின்ட்டு, தின்னரு, காத்து கெடயாது. மயக்கத்துல என்னமோ தோணிருக்கு" என்றான். படித்த பையன், அப்படித்தான் சொல்வான். அப்படியென்றால் தட்டில் சாப்பிட்டது யார்டா என்றேன். உம்மாவுக்கும் வயசாகுதுல்லா என்றான். கதவுப் பூட்டை ஒரு விரலால் தொட்டான், திறந்துகொண்டது.

கை ஆறியதும் கோவண்டிக்குப் போனேன். இந்த வண்டியில் யாராவது செத்தார்களா என்று சுடலையிடம் நேரடியாகக் கேட்டேன்.

"சத்தியமா இல்ல பாய். கல்யாண் பக்கத்து ஆளு. வண்டி கவுந்து ஒரு பகல் பூரா உள்ள கெடந்தாராம், அப்பறம் ஒரு கீறல் இல்லாம வீட்டுக்கு நடந்தே போயிட்டாராம். அவரேதான் வந்து வித்தாரு, தங்கமான மனுசன், பேரமே பேசல." சுடலை காதைச் சொறிந்தான். "அவரு பொண்டாட்டிதான் ரெண்டு தடவ தனியா வந்துச்சு. கேபின் கண்ணாடில மூஞ்சிய வச்சு உள்ள உள்ள பாத்துச்சு. என்னம்மா தேடுறேன்னு கேட்டேன். அழுதுகிட்டே போயிருச்சு."

நான் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. மறுநாளே கேஸ் கட்டர்காரனைக் கூட்டிவந்தேன். துண்டு போட்டு வந்த வழியே அனுப்பிவிட வேண்டியது, செய்தவன் நான், வெட்டவும் எனக்குத் தெரியும். அவன் குழாயை மாட்டிக்கொண்டிருக்கும்போது மைமூன் ஏணியில் இறங்கி வந்தாள். முட்டுவலிக்காரி, கீழே இறங்கி மாதக்கணக்கில் ஆகிறது. நேராகப் போய்க் கேபின் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இத வெட்ட வேண்டாம்."

"ஏன்?"

"இருந்துட்டுப் போகட்டும்."

"எடம் வீணாப் போகுதுன்னு மூணு மாசமா நீதானளா கத்துன?"

"இப்ப நான்தான வேண்டாங்கேன்."

வெளி ஆள் முன்னால் அவள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியது அதுதான் முதல் தடவை. கட்டர்காரன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

வண்டி இன்னும் கீழேதான் நிற்கிறது. நான் அதில் ஏறுவதில்லை. காலையில் ரபீக்கின் பட்டறைக்குப் போய்விட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு வருகிறேன். ஏணியில் என் மிதி எப்படிக் கேட்கும் என்று மைமூனுக்குத் தெரியும், இத்தனை வருடத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல் தட்டை எடுத்து வைப்பாள். இப்போது நான் பாதி ஏணியில் வரும்போதே மேலேயிருந்து குரல் வருகிறது.

"யாரு?"

"நான்தான்."

கொஞ்சம் கழித்துத்தான் தட்டு வைக்கிற சத்தம் கேட்கும். அவள் பயத்தில் கேட்கிறாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன வாரம் எனக்கே என்ன தோன்றியதோ, அவள் யாரு என்று கேட்டதும் பதில் சொல்லாமல் ஏணியிலேயே அசையாமல் நின்றேன். மேலே ஏதோ பாத்திரம் உருண்டது. முட்டுவலியையும் மறந்து ஓடி வந்திருக்கிறாள், தளத்தில் மண்டியிட்டு ஓட்டை வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். ஈரக்கையால் தலைமுடியை ஒதுக்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, புதுப்பெண் மாதிரி ஒரு முகம். இருட்டிலிருந்து நான் ஒரு படி மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்தேன்.

என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கதானா" என்றாள்.